சர்க்கரைப் புண்ணுக்கு மாவுக்கட்டா, கழற்றும் பூட்ஸா?

பெருவிரலுக்கு அடியில் கால் ஆணி வெடித்து உண்டாகும் சர்க்கரைப் புண் ஆறாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம், ஒவ்வோர் அடியிலும் அதே இடம் மிதிபடுவதுதான். மரத்துப்போன காலுக்கு வலி தெரியாததால் நோயாளி நடந்துகொண்டே இருப்பார். புண் எலும்பைத் தொட்ட பிறகே விரலை எடுப்பதா, காலை எடுப்பதா என்ற பேச்சு எழும். அந்த மிதிபாரத்தை இறக்கும் வழிகளில் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து மக்களுக்கு எது ஒத்துவரும்?

முழங்காலுக்குக் கீழ்வரை பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு, பாரத்தைக் கெண்டைக்கால் வரை பரப்பிவிடுகிறது. தொழுநோய்ப் புண்களுக்கு வேலூரிலும் கையாளப்பட்ட முறை இது. கழற்றும் பூட்ஸ் என்பது அதே பாரத்தை இறக்குவதற்கான, நோயாளியே மாட்டிக் கழற்றக்கூடிய உயரமான காலணி. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 12 வாரத்துக்குள் மாவுக்கட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கும், கழற்றும் பூட்ஸ் அணிந்தவர்களில் 65 சதவீதத்தினருக்கும் புண் ஆறியது. இந்த இடைவெளி ஏன் என்பதை 2003இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது: பூட்ஸ் பெற்றவர்கள் ஒரு நாளில் நடந்த அடிகளில் 28 சதவீதம் மட்டுமே அதை அணிந்து நடந்தவை.

மாவுக்கட்டு நனையக் கூடாது. வாரந்தோறும் மாற்றவும் வேண்டும். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களும் நாட்டுப்படகுக்காரர்களும் அதனாலேயே பூட்ஸைக் கேட்பார்கள், கழற்றிவைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கலாமே என்று. என் கணிப்பில் பூட்ஸின் பெரிய ஆபத்தே அதுதான், ஏனெனில் கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமிகள் திறந்த புண்ணில் புகுந்தால் ஓரிரு நாளிலேயே சதை அழுகி உயிருக்கே ஆபத்தாகலாம். எதை அணிந்தாலும் புண் ஆறும்வரை கடல் கூடாது. விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இதற்குக் கைகொடுக்கும். ஆனால் ஜனவரியில் வந்த புண்ணோடு அதுவரை காத்திருப்பது விபரீதம்.

மாவுக்கட்டுப் போடத் தேர்ந்த கை கிடைக்காத இடத்தில், பூட்ஸின் மேலேயே ஒரு சுற்று மாவுக்கட்டைச் சுற்றிக் கழற்ற முடியாதபடி செய்துவிடலாம். நான் பரிந்துரைப்பது இதையே.

சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கறுத்த விரல், நாடி தட்டாத பாதம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கழற்ற முடியாத கட்டு எதையும் போடக் கூடாது. அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு, புண் ஆறியபின் அணிவதற்கு. குதிகால் வார் உள்ளதாக, ஆணி அடிக்காததாக வாங்கி, போடுமுன் மணலைத் தட்டிவிட்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிப்பித் துண்டு கிடந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது.