பழைய பென்ஸ் ஆட்டோ கியரா? ஓவர்ஹாலுக்குத் தலையாட்டுமுன் ஒரு ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

கிள்ளான் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கியர்பெட்டிக்கு 4,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு ஏமாந்து நிற்கிறேன். உண்மையில் கெட்டுப்போயிருந்தது கைக்குள் அடங்குகிற ஒரு சாமான். கடையின் பெயரைப் போடவில்லை, வழக்கு நடக்கிறது.

வண்டி அப்பாவுடையது. 1984 மாடல் மெர்சிடிஸ் 230இ, டபிள்யூ123 உடம்பு, 722.3 என்கிற நாலு கியர் ஆட்டோ. ஜூலையில் மூன்று தொல்லைகள் ஒன்றாக வந்தன. ரெண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது பின்னாலிருந்து எவனோ இடித்த மாதிரி ஓர் அடி. கியர் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, போர்ச்சில் ஒரு சொட்டுக்கூட இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை.

கடையின் போமன், அதாவது மெக்கானிக், எஞ்சினை அணைத்துவிட்டு ஆயில் ஸ்டிக்கை உருவினார், மோந்து பார்த்தார். “பிளேட் எல்லாம் தீஞ்சு போச்சு பாஸ், ஓவர்ஹால்தான்.” கியரை இறுக்கிப் பிடிக்கிற உரசு தட்டுகளைத்தான் பிளேட் என்கிறார், ஓவர்ஹால் என்றால் பெட்டியைப் பிரித்துப் புதுப்பிப்பது. அங்கேயே நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் ஆயில் பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, நன்றாகச் சூடேறிய பிறகு, ‘பி’யில் (பார்க்கிங்) போட்டு. அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு 2,000 வெள்ளி முன்பணம் எண்ணிக் கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்து வண்டி வந்தது. பெட்டிக்கு வெள்ளிப் பெயின்ட், பில்லில் ‘டார்க் கன்வெர்ட்டர் ரீகன்’ என்று ஒரு வரி, அதாவது எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உருண்டையைப் பிரித்துப் புதுப்பித்தார்களாம். அடி போயே போச்சு, வெண்ணெய் மாதிரி மாறியது. வீட்டில் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு தைப்பிங் கிளம்பினோம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறுகிற மேட்டில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. கியர் மாறுகிற இடைவெளியில் ஆர்பிஎம் முள் எகிறுகிறது. ஓரம் கட்டினால் புகை வேறு. கடைக்குப் போன் போட்டால், “புது பிளேட், செட்டாக ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். புகை எஞ்சின் பிஸ்டன் ரிங் தேய்ஞ்சதால, அதுக்குத் தனியா 3,500.” பக்கத்தில் என் மனைவி இருந்ததால் வாயை அடக்கிக்கொண்டேன்.

மெதுவாக ஈப்போவுக்கே திரும்பினோம். மைத்துனர் புந்தோங்கில் ஒரு ரிட்டயர்டு போமனிடம் கூட்டிப்போனார். அவர் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. வண்டிக்கு அடியில் போய், கியர்பெட்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த வேக்குவம் குழாயை, எஞ்சின் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாயை, உருவிக் காட்டினார். உள்ளே சிவப்பாகக் கியர் ஆயில். “தம்பி, இந்தக் குழாயில காத்துதான் இருக்கணும்.”

அந்தக் குழாய் போய்ச் சேரும் சாமானுக்கு மாடுலேட்டர் என்று பெயர். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். எஞ்சின் எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்பதை இன்டேக் வேக்குவத்தை (எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் உறிஞ்சலை) வைத்துக் கியர்பெட்டிக்குச் சொல்வது அதுதான். ரப்பர் கிழிந்தால் வேக்குவம் சரியாகப் போய்ச் சேராது, பெட்டி முழுச் சுமை என்று நினைத்து முழு அழுத்தத்தில் கியரை மாற்றும், அதுதான் அடி. அதே கிழிசல் வழியாக எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், அதுதான் புகை. தரையில் ஒழுகாமல் ஆயில் காணாமல் போன மர்மமும் அதோடு தீர்ந்தது. ரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் அடி எப்படி நின்றது? மாடுலேட்டரின் பின்பக்க மூடிக்குள் ‘டி’ வடிவத்தில் ஒரு சாவி இருக்கிறது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க. அதைக் குறைக்கிற பக்கம் கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் பௌடன் கேபிளையும் தொளதொளவென்று விட்டிருந்தார்கள். அழுத்தம் குறைந்தால் அடி நிற்கும்தான். ஆனால் மேட்டில் பிளேட்டுகள் இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் தீயும். என்னை வயிறெரிய வைப்பது 4,800 வெள்ளிகூட இல்லை. நன்றாக இருந்த பிளேட்டுகளை, நோயை மறைப்பதற்காக, காசு வாங்கிக்கொண்டு தேய வைத்திருக்கிறார்கள்.

கன்வெர்ட்டரை ரீகன் செய்ய வேண்டுமானால் வெட்டிப் பிளந்து மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். அடிப்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். புது வெல்டிங் இல்லை, நாற்பது வருட அழுக்கு அப்படியே. எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினால் ஃபில்டரும் பழசு, கறுத்துப் போயிருந்தது.

புது மாடுலேட்டர், ஃபில்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 620 வெள்ளி. கன்வெர்ட்டருக்குத் தனி டிரெயின் பிளக் உண்டு, அதையும் திறந்தால்தான் பழைய ஆயில் முழுக்க இறங்கும் என்று அவர் திறந்து காட்டினார். கேபிளை விறைப்பும் இல்லாமல் தொய்வும் இல்லாமல் குமிழில் உட்கார வைத்தார். புகை அன்றே நின்றது. சூடேறினால் மட்டும் ரெண்டு மூன்றுக்கு நடுவில் இன்னும் லேசாக வழுக்குகிறது. அது தேய்ந்த பிளேட், இனி திரும்பாது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் ஐந்தே வெள்ளி, வக்கீல் வேண்டாம். அடுத்த மாதம் விசாரணை. பில், அழுக்கோடு கன்வெர்ட்டர் படங்கள், பிளாஸ்டிக் பையில் அந்தச் சிவந்த குழாய் எல்லாம் தயார்.