உயிர்வாழ்வுக் கணக்குக்கு ‘சர்வைவல்’ தொகுப்பு: பயன்படுத்துபவரின் மதிப்பீடு

ராமநாதபுரம் வட்டார மருத்துவர்களின் ஆய்வுகளுக்குப் புள்ளிவிவர உதவி செய்யும் எனக்கு, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த டெர்ரி தெர்னோ, நோயாளிகள் எவ்வளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்று கணக்கிட உருவாக்கிய ‘சர்வைவல்’ தொகுப்புதான் அன்றாடக் கருவி. புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) மென்பொருளை நிறுவினால் இதுவும் கூடவே வந்துவிடும். காசு கிடையாது, மண்டபம் ஊரில் நெட் போனாலும் வேலை நிற்காது.

புதிதாகக் கற்பவர்கள் இதனுடன் வரும் ‘லங்’ தரவில் தொடங்கலாம். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 228 பேரில் 165 பேர் இறந்த விவரம் அதில் உள்ளது. பாதிப் பேர் இறப்பதற்கு ஆன காலம் ஆண்களுக்கு 270 நாள், பெண்களுக்கு 426 நாள் என்று, நாள் செல்லச் செல்ல எத்தனை பங்கினர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை வளைகோடாகக் காட்டும் கப்ளான்–மையர் கணக்கு சொல்கிறது. இரு குழுக்களின் வளைகோடுகளை ஒப்பிடும் லாக்-ரேங்க் சோதனையில் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) ஏறத்தாழ 0.001. இறப்பு வேகங்களை ஒப்பிடும் காக்ஸ் மாதிரி தரும் இடர் விகிதம் 0.59; அதாவது பெண்களின் இறப்பு வேகம் ஆண்களுடையதில் 0.59 மடங்கு. இதைப் பார்த்ததும் பெண்களின் ஆயுள் 41 சதவீதம் கூடியதாக எழுதிவிடுகிறார்கள். எந்த நேரத்திலும் உயிரோடு எஞ்சியிருப்பவர்களிடையே பெண்களின் இறப்பு வேகம் 41 சதவீதம் குறைவு என்பதே அதன் பொருள், அதுவும் அந்த விகிதம் காலம் முழுக்க மாறாதிருந்தால்தான். அதைச் சோதிக்கும் ‘காக்ஸ்.இசட்பிஎச்’ தொகுப்பிலேயே இருக்கிறது. இரு வளைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் லாக்-ரேங்க் உண்மையான வித்தியாசத்தையும் தவறவிடக்கூடும். அப்போது குறிப்பிட்ட காலவரம்புக்குள் சராசரியாக வாழ்ந்த நாட்களை ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு பொல்லாத குறை உண்டு. உயிரோடு இருப்பவருக்கு 1, இறந்தவருக்கு 2 என்று குறித்த தரவில் ஒருவர்கூட இறக்கவில்லையென்றால், குறியீடு 0, 1 என்று கருதி எல்லா 1-களையும் இறப்பு என்று இது எடுத்துக்கொள்ளும். கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறது, படிப்பவர்தான் குறைவு. இறந்தாரா என்பதை ஆம், இல்லை என்ற தர்க்க மதிப்புகளாகவே கொடுப்பது பாதுகாப்பு.

தொகுப்பால் தீர்க்க முடியாதது வேறொன்று. இடையில் வராமல் நின்றவர்களுக்கும் தொடர்ந்து வருபவர்களுக்கும் இறப்பு வாய்ப்பு ஒன்றே என்று இந்தக் கணக்குகள் கொள்கின்றன. நம் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தவறாமல் பரிசோதனைக்கு வரும் விசைப்படகுத் தொழிலாளி, தடை முடிந்ததும் கடலுக்குப் போய்விடுகிறார். அவர் உடம்பு தெம்பாக இருப்பதால் வரவில்லை; பாம்பனிலிருந்து பஸ் ஏற முடியாமல் படுத்திருப்பவரும் வரவில்லை. பதிவேட்டில் இருவருக்கும் ஒரே குறி. ஒரு சிகிச்சைக் குழுவில் முதல் வகையினரும் மற்றதில் இரண்டாம் வகையினரும் மிகுந்தால், எவ்வளவு சிறிய பி மதிப்பு வந்தாலும் அந்த ஒப்பீட்டை நம்ப முடியாது. ஆகவே என்னிடம் தரவு கொண்டுவருபவர்களிடம், வராததற்கான காரணத்துக்குத் தனி நெடுவரிசை ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்து நிரப்பச் சொல்கிறேன்.