புயல் நாளில் காற்றாலைக்கு மாற்று: பேட்டரியா, இன்ஜினா, டர்பைனா?

பெரும்பாலான காற்றாலைகள் விநாடிக்கு 25 மீட்டரைத் தாண்டிய காற்றில் இறக்கைகளைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். முழு உற்பத்தியில் இருந்தது நேராகப் பூஜ்யத்துக்குப் போகும். காற்று நன்றாகத் தணிந்த பிறகே மறுபடி சுழலும். ஆகவே எத்தனை மெகாவாட் போகும் என்பதோடு, எவ்வளவு வேகமாகப் போகும், எத்தனை மணி நேரம் திரும்பாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1,000 மெகாவாட் காற்றாலைத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புயல் கடக்கும் 40 நிமிடத்தில் 800 மெகாவாட் சீராகக் குறைகிறது; 6 மணி நேரம் திரும்பவில்லை.

இதை பேட்டரியை மட்டும் வைத்துச் சமாளிக்க 4,800 மெகாவாட்-மணி (800 மெகாவாட் × 6 மணி) சேமிப்பு வேண்டும். ஆண்டில் சில நாளுக்காக அவ்வளவு வாங்குவது வீண். மற்ற நிலையங்கள் வந்து சேரும் வரை தாங்குவதற்கு என்றால் கணக்கே வேறு: மெகாவாட்-மணிக்கு மொத்த இழப்பை தாமதத்தால் பெருக்கினால் போதும்; மெகாவாட்டுக்கு, நிமிடத்துக்குக் குறையும் 20 மெகாவாட்டை தாமத நிமிடங்களால் பெருக்க வேண்டும். மாற்று நிலையம் 15 நிமிடம் கழித்து வந்து, அதன்பின் நிமிடத்துக்கு 20 மெகாவாட் ஏறினால், பேட்டரி 300 மெகாவாட், 200 மெகாவாட்-மணி. 5 நிமிடத்தில் வந்தால் 100 மெகாவாட், சுமார் 67 மெகாவாட்-மணி. இதற்கு மேல் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு வயதாகும், எப்போதும் முழுதாக நிரம்பியும் இருக்காது. விலை ஏறும்போது விற்றுச் சம்பாதிக்கும் பேட்டரி, புயல் வரும் மாலையில் காலியாகக் கிடக்கலாம். எச்சரிக்கை வந்ததும் இருப்பைப் பூட்டிவைக்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

எரிவாயுவில் ஓடும் பிஸ்டன் இன்ஜினுக்கும் எரிவாயு டர்பைனுக்கும் இடையில் நான் இன்ஜின் பக்கம். 18 மெகாவாட் இன்ஜின் 45 வைத்தால் 810 மெகாவாட். மூன்று உபரி சேர்த்தால், இரண்டு கிளம்பாமல் போனாலும் கவலையில்லை. 200 மெகாவாட் டர்பைன் நான்கில் ஒன்று அடம்பிடித்தால் கால் பங்கு போச்சு. ஐந்தாவது ஒன்று கட்டாயம். குளிர்விப்பு நீரை எப்போதும் சூடாக வைத்திருந்தால் இன்ஜின் சில நிமிடத்தில் முழு சுமை எடுக்கும். அந்த ஹீட்டரை மின்சாரம் மிச்சம் என்று அணைத்துவிட்டால் அந்த வேகம் கிடைக்காது.

இரண்டுக்கும் பலவீனம் எரிபொருள்தான். டெக்சாஸில் 2021 பிப்ரவரி பனிப்புயலில் எரிவாயுக் கிணறுகளும் கருவிகளும் உறைந்தன. மின்வெட்டில், எரிவாயு அனுப்பும் சில நிலையங்களுக்கே மின்சாரம் இல்லாமல் போனது. எனவே டீசலிலும் ஓடும் இரட்டை எரிபொருள் வகையையே வாங்க வேண்டும். இன்ஜினுக்கு ஒரு மெகாவாட்-மணிக்குச் சுமார் 240 லிட்டர் டீசல் ஆகும். நம் 4,800 மெகாவாட்-மணிக்கு 1,150 கிலோலிட்டர். அது நிலையத்துக்குள்ளேயே, வெள்ளம் எட்டாத தொட்டியில் இருக்க வேண்டும். சாலை மூழ்கினால் டேங்கர் வராது.

நீரேற்று மின் நிலையம் (மேலே ஏற்றிவைத்த நீரைத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) இருந்தால் அதுவே சிறந்தது, ஆனால் நினைத்த இடத்தில் கட்ட முடியாது. அண்டை மின் தொகுப்பிலிருந்து இறக்குமதியை முழுதாக நம்பவே கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று சூறாவளிக் காற்றில் மின்கம்பிக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் திரும்பத் திரும்பச் சரிந்ததும், காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பு 7 விநாடிக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்தது. அந்தச் சுமை முழுதும் அண்டை மாநில இணைப்பில் விழ, அதுவும் துண்டித்துக்கொண்டு மாநிலமே இருண்டது. காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர் இதைத் தவறவிடுவார். காற்றாலை எத்தனை முறை மின்னழுத்தச் சரிவைத் தாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை உற்பத்தியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்ஜினையும் பேட்டரியையும் ஒரே மின்பாதையில் வைக்காதீர்கள்.

அதே நாளில், இருண்ட தொகுப்பை மீண்டும் எழுப்ப ஒப்பந்தம் செய்திருந்த இரண்டு நிலையங்களும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. பேட்டரியால் இதைச் செய்ய, தானே அலைவெண்ணை (மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) உருவாக்கும் இன்வெர்ட்டர் வேண்டும்; தொகுப்பின் அலைவெண்ணைப் பின்தொடரும் சாதாரண வகை, இருட்டில் ஒன்றுக்கும் உதவாது. எதை வாங்கினாலும், வெளி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நிலையத்தைக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள், முக்கியமாக பெரிய பிரேக்கரை (மின்சுற்றை இணைக்கும் பெரிய சுவிட்ச்) மூடி இணைக்கும் கட்டம் வரை.