கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டு டப்பாவை விட்டுவிட்டுப் போனார்கள்

பழைய வெண்டிங் மெஷினைத் தள்ளிவிட நினைத்திருக்கும் வடசென்னைக்காரர்கள், ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மணலியில் ஒரு கம்பெனியில் ஒன்று, ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒன்று என இரண்டு மெஷின் வைத்திருந்தேன். சிப்ஸ், பிஸ்கட், கூல்டிரிங்ஸ் எல்லாம் விழும் வகை. கம்பெனி ஒரு ஷிப்டை நிறுத்தியது, ஹாஸ்டலில் சொந்தமாகக் கேன்டீன் திறந்தார்கள். இரண்டும் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு பைக் நிறுத்தும் இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்று கிட்டத்தட்ட 300 கிலோ. ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு மாதம் பொறுத்தார். அப்புறம் தினம் காலையில் தண்ணீர் பிடிக்கும்போது, “தம்பி, இது எப்போ கிளம்பும்?”

இரண்டும் சேர்த்து 40,000 என்று விளம்பரம் போட்டேன். முதல் நாளே ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரமே பேசாமல் சரி என்றார். கியூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் எனக்குப் பணம் வரும் என்றார். பணம் வருவதற்கு பின் நம்பர் எதற்கு? போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். போனை வைத்துவிட்டேன். நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்று அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தவர் நேரிலேயே வந்தார். கையில் கிளாம்ப் மீட்டர், கூட இரண்டு பையன்கள். ஸ்விட்சைப் போட்டு, கரன்ட் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். “அண்ணா, வியாசர்பாடியில ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். ரெண்டும் சேர்த்து 26,000. ஆனா கம்ப்ரசர் லோடு ஜாஸ்தி எடுக்குது.” 3,000 ரூபாயை அட்வான்ஸ் என்று கையில் கொடுத்தார். மறுநாள் குட்டியானை வரும். அதற்குள் கம்ப்ரசர், போர்டு, நோட்டு வாங்கும் யூனிட் இவற்றை மட்டும் எடுத்துப்போய் டெஸ்ட் பண்ணி வைத்துவிடுவார். மெஷினும் லேசாகிவிடும், ஏற்றுவதற்குச் சுலபம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு பையன் கட்டிங் பிளேயரால் செம்புக் குழாயை நறுக்கினான். புஸ்ஸென்று ஒரு சீறல், வெள்ளையாகக் கொஞ்சம் புகை, தரையில் எண்ணெய். அந்தக் கறை இன்னும் போகவில்லை. தகட்டில் ஆர்134ஏ என்று, உள்ளே இருக்கும் கூலிங் கேஸின் பெயர் எழுதியிருந்தது. கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் அது. தொழில் தெரிந்த மெக்கானிக் அதைச் சிலிண்டரில் பிடிப்பானே தவிர, காற்றில் விடமாட்டான். சில மெஷின்களில் ஆர்290 இருக்கும். அது புரோப்பேன், தீப்பிடிக்கும். பக்கத்திலேயே என் பைக் நின்றது. இதெல்லாம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் மூன்று பேருக்கும் டீ வாங்கிவரப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது பாக்கெட்டைத் தள்ளிவிடும் சுருள் கம்பிகளைச் சுற்றும் சின்ன மோட்டார்கள்கூட ஒன்றுவிடாமல் சாக்குக்குள் போயிருந்தன. எல்லாம் ஒரு மீன்பாடி வண்டியில் ஏறியது. மறுநாள் குட்டியானை பஞ்சர். அதற்கடுத்த நாள் டிரைவருக்குக் காய்ச்சல். அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். கொடுத்த முகவரிக்குப் போனால் அங்கே ஒரு டெய்லர் கடை.

எங்கள் தெரு முனைக் காயலான் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். “செம்பு பூரா உருவிட்டாம்பா. மீதி தகரம், கண்ணாடி, நடுவுல பஞ்சு. இந்தப் பஞ்சை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?” செம்பு, இரும்பைப்போல இருபது மடங்குக்கு மேல் விலை போகும் சரக்கு. 3,000 கொடுத்து அதை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். காலி டப்பாவை எடுத்துப்போகக் கடைக்காரர் என்னிடம் 1,500 கேட்டார். அவர்மேல் தப்பில்லை.

இதைவிடப் பெரிய கூத்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எவ்வளவு விற்றது என்று போனில் காட்டுவதற்காக போர்டில் ஒரு சிம் போட்டிருந்தேன். என் பெயரில், என் ஆதாரில் வாங்கிய சிம். ரீசார்ஜ் முடியப்போகிறது என்று மெசேஜ் வந்தபோதுதான் ஞாபகமே வந்தது. அன்றைக்கே பிளாக் பண்ணினேன். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். வண்டி நம்பரோ ஆட்களின் போட்டோவோ கேட்டார்கள். இரண்டும் என்னிடம் இல்லை.

ஆகவே, எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் உங்கள் இடத்தில் வைத்து ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள். போனால் முழு மெஷினாகப் போகட்டும், முழுப்பணமும் வந்தபிறகு. சிம்மையும், உங்கள் கணக்கின் கியூஆர் ஸ்டிக்கரையும், காசுப் பெட்டியில் இருக்கும் சில்லறையையும் முதலில் நீங்களே எடுத்துவிடுங்கள். ஓடாத மெஷின் என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சிக்காரர்களைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அந்தப் பதிவு கட்டாயம்.

அப்படி ஒருவரிடம் நானும் பேசினேன். கம்ப்ரசரோடு இருந்திருந்தால் அவர்களே வண்டி அனுப்பி, காசும் கொடுத்திருப்பார்களாம். இப்போது வண்டி வாடகை என் செலவு. சனிக்கிழமை என்று ஓனர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.