கவுன்சில் அனுப்பும் ஆளா, நாங்களே வைக்கும் ஆளா?

தம்பிக்கு வயது 34. ‘லேர்னிங் டிசபிலிட்டி’, அதாவது அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று பதிந்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டச் சிரமப்படுகிற பிள்ளைகளின் கதை இல்லை இது. குளிக்க, உடுக்க, வெளியே போக அவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். லண்டனில் இரண்டு வழியையும் பார்த்துவிட்டோம். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, பராமரிப்பு ஏஜென்சி மூலம் ஆள் அனுப்புவது ஒன்று. அதற்கான காசைக் கவுன்சிலிடமிருந்து ‘டைரக்ட் பேமென்ட்’ ஆக நேரே வாங்கி நாங்களே ஆள் வைப்பது மற்றது. 2014ஆம் ஆண்டின் கேயர் சட்டம் (பராமரிப்புச் சட்டம்) இரண்டுக்கும் இடம் தருகிறது. தம்பியால் இதை விளங்கிச் சம்மதிக்க முடியாது. அவனுக்காக நான் கையெழுத்து வைத்தேன்.

ஏஜென்சியில் சுகம் உண்டு. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் வருவார். சாமியறைக்குள் செருப்பு, சாப்பாடு எல்லாம் சொன்னால் பழகிவிடுவார்கள்.

இடித்தது மொழி. தம்பிக்கு இருப்பதே நூறு சொல்தான், அத்தனையும் தமிழ். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், நான் வேலை முடிந்து வருவதற்குள் அவன் படுத்துவிடுவான். பகலெல்லாம் “காது குத்துது” என்று சொல்லியிருக்கிறான். வந்தவர் கொப்பியில் எழுதியது: ‘தனக்குத்தானே கதைக்கிறார், சாப்பிட மறுக்கிறார்.’ மூன்றாம் நாள் காதில் சீழ். ஏஜென்சியிலிருந்து வந்த அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. தமிழ் தெரிந்தவரை அனுப்பச் சொல்லி ஏஜென்சியைக் கேட்டோம். எட்டு மாதத்தில் ஒருவர் வந்தார், இரண்டு கிழமை நின்றார்.

அதனால்தான் டைரக்ட் பேமென்ட்டுக்கு மாறினோம். இப்போது நாங்களே வைத்த தமிழ் அண்ணா ஒருவர் ஹரோவிலிருந்து வருகிறார். ‘நோகுது’ வேறு, ‘எரியுது’ வேறு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த முறை ஜிபியின் (குடும்ப டாக்டரின்) வருடாந்தர உடல் பரிசோதனைக்கும் அவர்தான் கூடப்போனார்.

ஆனால் முதலாளி ஆவது லேசில்லை. தனி வங்கிக் கணக்கு, சம்பளத்தில் வரிப் பிடித்தம், வருடத்துக்கு 5.6 கிழமை சம்பளத்தோடு லீவு, வேலையாளுக்கு வேலையில் அடிபட்டால் ஈடுகட்ட, குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு முதலாளி காப்புறுதி. சம்பளக் கணக்கை வெளியே கொடுத்துவிட்டோம். அதற்கான செலவும் கவுன்சில் தரும் தொகையில்தான். “அம்மாவுக்கே அந்தக் காசைக் கொடுக்கலாமே” என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவுக்கு, கவுன்சில் அவசியம் என்று ஒத்துக்கொண்டாலொழிய, கொடுக்க முடியாது.

அண்ணா படுத்துவிட்டால்? நான் லீவு போடுகிறேன், வேறு வழி இல்லை. அதனால் சனிக்கிழமையை மட்டும் ஏஜென்சியிடமே விட்டிருக்கிறோம். இப்படிப் பிரித்தும் வாங்கலாம். அம்மாவுக்கு முடியாமல் போகும் காலத்தில் இந்த ஏற்பாடு தாங்குமா என்று இரண்டு வருட அனுபவத்தை வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.