டோக்கியோவுக்கு விமானம் பார்க்கப் போனோம்: மட்டக்களப்புப் பயண முகவர் ஒருவரின் பெக்கேஜ் பற்றி

மட்டக்களப்பு நகரில் இயங்கும் பயண முகவர் நிலையம் ஒன்றின் ஊடாகக் கடந்த டிசம்பர் மாதத்தில் நானும் மனைவியும் என் அக்காவின் மகனும் சிங்கப்பூர் வழியாக டோக்கியோவுக்குச் சென்று, பத்து நாட்களின் பின் ஊர் திரும்பினோம். நகரம் சிறியது, குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: விசாவுக்கும் விமானச்சீட்டுக்கும் அவர்களிடம் தயங்காமல் செல்லுங்கள், டோக்கியோவில் தங்குமிடத்தையும் ஒவ்வொரு நாளும் எங்கே நிற்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

மருமகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவன். விமானத்தின் இலக்கத்தைக் கொண்டு அது எந்த நிறுவனத்துடையது, எந்த வகை, என்ன வயது என்று சொல்லக்கூடியவன். விமானங்களைத் தேடிச் சென்று பார்த்து, படம் பிடித்து, இலக்கங்களைக் கொப்பியில் குறித்துக்கொள்வது பல நாடுகளில் மதிப்பான பொழுதுபோக்கு. எங்கள் பகுதியில் அதற்கு இடமில்லை. 2018 இல் பொதுமக்கள் சேவைக்காகத் திறந்துவைக்கப்பட்ட மட்டக்களப்பு விமான நிலையம் விமானப்படைத் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் வேலியோரம் கமெராவுடன் நிற்பவர் வீடு திரும்பும் நேரத்துக்கு எவரும் உத்தரவாதம் தரமுடியாது. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழியைத் தேடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது எனக்கு இன்றும் ஒரு புதினந்தான்.

முகவர் நிலையத்தின் சிறப்பு விசா வேலையில் தெரிந்தது. ஜப்பான் விசாவுக்கு வங்கிக் கூற்று, தொழில் உறுதிக் கடிதம் ஆகியவற்றோடு, தங்கும் ஒவ்வொரு நாளும் எங்கே இருப்போம் என்பதைக் காட்டும் நிகழ்ச்சித்திட்டமும் கேட்கப்படுகிறது. அந்தப் படிவத்தில் நான்கு நாட்களுக்கு ‘விமான நிலையம்’ என்று எழுதினால் கொழும்பில் விசா வழங்குபவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் தயங்கியபோது, முகவர் நிலையத்தில் பணிபுரியும் தங்கச்சி, “சேர், உண்மையை எழுதுவம். பொய்யான திட்டம் எழுதிப்போட்டுக் கேள்வி கேட்டால் நீங்கதான் முழிக்கவேணும்” என்று சொல்லி, டோக்கியோவுக்கான இரு விமான நிலையங்களான ஹனேடா, நரிட்டா ஆகியவற்றின் பார்வை மேடைகளின் பெயர்களையே நேராக எழுதினார். விசா எவ்விதச் சிக்கலுமின்றிக் கிடைத்தது. எங்கள் வங்கிக் கூற்றில் இருந்த ஒரு பெரிய வரவுக்கு விளக்கக் கடிதம் இணைக்கவேண்டும் என்று அவராகவே கண்டுபிடித்ததையும் குறிப்பிடவேண்டும்.

கொழும்பிலிருந்து நரிட்டாவுக்கு ஸ்ரீலங்கன் விமான சேவையின் நேரடி விமானம் உண்டு. எட்டு மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட இரவுப் பயணம். ஆனால் நாங்கள் செல்லவிருந்த வாரத்தில் சிங்கப்பூரில் மாறிச் செல்லும் சீட்டு கணிசமாக மலிவாக இருந்தது. முகவர் அதனைச் சொன்னதோடு நிற்காமல், இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் விசா தேவையில்லை என்பதால் இடைநேரம் நீண்ட சீட்டைத் தெரிவு செய்தால் அதே பணத்தில் இன்னொரு நகரத்தையும் பார்க்கலாம் என்று ஆலோசனை கூறினார். விமானம் பார்ப்பவருக்கு இது இரட்டை இலாபம். 2007 ஒக்டோபரில் ஏ380 என்ற இரட்டைத் தட்டு விமானத்தை உலகிலேயே முதன்முதலாகப் பயணிகள் சேவையில் ஈடுபடுத்திய நிறுவனத்தின் தாய்வீடு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். மருமகன் கண்ணாடிச் சுவரோரம் நின்ற நேரத்தில், நானும் மனைவியும் சிலோன் வீதியில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்துக்குச் சென்று வந்தோம். சாங்கியின் ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீற்றர் உயரத்திலிருந்து கொட்டும் நீர்வீழ்ச்சியையும் பார்த்தோம். அதற்குக் கட்டணம் இல்லை.

பயணத்துக்கு முதல் நாளே ஊரை விட்டுப் புறப்படவேண்டும் என்று முகவர் வற்புறுத்தியது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. நீர்கொழும்பில் ஒரு நாள் அறை வாடகை வீண் என்று நினைத்தேன். மாரி மழையில் மகாவலி பெருகி மன்னம்பிட்டியில் வீதியை மூடினால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கான முந்நூறு கிலோமீற்றரை ஒட்டிய பயணம் என்னவாகும் என்பதை எங்கள் பகுதி ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் பஸ் மன்னம்பிட்டியைக் கடந்தபோது தண்ணீர் வீதியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொழும்பிலிருக்கும் முகவர் இந்த யோசனையைச் சொல்லியிருக்கமாட்டார்.

பெக்கேஜின் குறைகள் டோக்கியோவில் தொடங்குகின்றன. முதலாவது, நாடெங்கும் புகையிரதத்தில் செல்வதற்கான ஏழு நாள் ஜப்பான் ரெயில் பாஸ். 2023 ஒக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கன்சென் அதிவேகப் புகையிரதத்தில் போய்வந்தாலே 30,000 யென்னுக்குள் முடிந்துவிடும். ஒசாகாவுக்கே போகாத எங்கள் திட்டத்தில் மூவருக்கும் தலா 50,000 யென் சேர்க்கப்பட்டிருந்தது. மருமகன் கணக்குப்போட்டுக் காட்டியதும் நீக்கினார்கள். ஆனாலும் “எல்லாரும் எடுக்கிறவங்க” என்ற பதில் எனக்குப் போதவில்லை. பழைய விலையில் கற்றுக்கொண்ட பாடத்தை அவர்கள் திருத்தவில்லை.

இரண்டாவது, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் போடப்பட்ட ஹோட்டல். பெயர் பெற்ற இடம், வாடகையும் அதற்கேற்ற உயரம். ஆனால் விமானம் பார்க்கச் செல்பவருக்கு இரு விமான நிலையங்களும் அங்கிருந்து சுற்றுவழி. மூன்று நாட்களின் பின் நாங்களே நகரின் அசகுசா பகுதியில் ஒரு சிறிய விடுதிக்கு மாறினோம். அசகுசா சுரங்கப் புகையிரதப் பாதை தெற்கே கெய்க்யூ பாதையோடும் கிழக்கே கெய்செய் பாதையோடும் இணைந்து ஓடுவதால், ஒரே நிலையத்திலிருந்து ஹனேடாவுக்கும் நரிட்டாவுக்கும் வண்டி மாறாமலே செல்லக்கூடிய நேரடிப் புகையிரதங்கள் கிடைக்கின்றன. ஸ்கைலைனர் கடுகதிக்கு 2,500 யென்னுக்கு மேல் கொடுக்கவேண்டிய இடத்தில், கெய்செய்யின் சாதாரணக் கட்டணப் புகையிரதத்தில் அதன் அரைவாசியை ஒட்டிய தொகையில் நரிட்டாவுக்குப் போய்விடலாம். இந்த ஒரு விடயத்தை முகவர் அறிந்திருந்தால் எங்கள் செலவில் பெரிய துண்டு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது குறையை நான் சற்று விரிவாக எழுதவேண்டும். ‘விமான நிலையச் சுற்றுலா’ என்ற பெயரில் வாகனமும் வழிகாட்டியும் சேர்த்து ஒரு நாளை விற்றிருந்தார்கள். அன்று நரிட்டாவின் வடபுறத்தில் இருக்கும் சகுரா-நோ-யாமா என்ற குன்றுப் பூங்காவில் எங்களை இறக்கி, நாற்பத்தைந்து நிமிடம் என்று சொன்னார்கள். பூங்கா அருமையானது, 4,000 மீற்றர் நீளமான ஓடுபாதையின் நுனியை ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் விவசாயிகளின் விளைபொருட்களை விற்கும் கடையும் உண்டு. ஆனால் அன்று வீசியது வடகாற்று. விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்தே. ஆகவே வடகாற்று வீசும் நாளில் விமானங்கள் தெற்கிலிருந்து வந்து இறங்கி, வடக்கு நோக்கி எழும்புகின்றன. வடக்குக் குன்றில் நிற்பவருக்கு எழும்பிப்போகும் விமானங்களின் வயிறு மட்டுமே கிடைக்கும். இறக்கைத் தட்டுகளை விரித்து, சக்கரங்களை நீட்டி, தலைக்கு மேல் தாழ்ந்து வரும் காட்சி ஓடுபாதையின் மறுமுனையில் நடந்துகொண்டிருக்கும். மருமகன் இதைக் கூறி, தெற்கே போகலாமா என்று கேட்டபோது, வழிகாட்டி கையிலிருந்த தாளைக் காட்டினார். வாடைக்காற்று எப்போது, கச்சான் காற்று எப்போது என்று பார்த்துத் தோணி இறக்கும் ஊரிலிருந்து போன பெக்கேஜில் காற்றுக்கு ஓர் இடம் இல்லாமற்போனதுதான் எனக்கு வியப்பு.

மறுநாள் நாங்களாகவே பஸ்ஸில் போனோம். ஓடுபாதையின் தெற்கே ஷிபயாமா என்ற சிற்றூரில் ஹிக்கோகி-நோ-ஓகா என்ற மேடும், நடந்து போகக்கூடிய தூரத்தில் 1989 இல் திறக்கப்பட்ட விமானவியல் அரும்பொருட்சாலையும் இருக்கின்றன. அரும்பொருட்சாலையில் போயிங் 747 ஒன்றின் முகப்பை வெட்டிவைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஜப்பானிய நிறுவனங்கள் பயணிகள் 747 விமானங்களை 2014 மார்ச்சுடன் முற்றாகக் கைவிட்டுவிட்டதால், சரக்கு ஏற்றும் 747-8 விமானங்கள் நரிட்டாவில் இறங்குவதே இப்போது பெரிய விருந்து. மேட்டில் தொலைநோக்கியுடன் நின்ற முதியவர் ஒருவர் மருமகனின் கொப்பியைப் பார்த்து, மொழி தெரியாமலே, அடுத்து வரப்போவது எது என்று விரலால் வானத்தில் காட்டிக்கொண்டிருந்தார். நான்கு மணித்தியாலம் அங்கே இருந்தோம். செலவு பஸ் கட்டணமும் கடையில் வாங்கிய சோற்றுருண்டைகளும் அரும்பொருட்சாலையின் சிறு நுழைவுக் கட்டணமும் மட்டுமே.

ஹனேடாவைப் பற்றிக் குறைசொல்ல எதுவுமில்லை. மூன்று முனையங்களின் கூரைகளிலும் பார்வை மேடைகள் உள்ளன, அனுமதி இலவசம். முதலாம் முனையத்தின் மேடை மேற்கு நோக்கியிருப்பதால் காலை வெயில் முதுகுப்பக்கம் விழும். டிசம்பர் மாதத்துத் தெளிந்த காலையில் ஓடுபாதைக்கு அப்பால் பியூஜி மலை வெண்முடியுடன் தெரிகிறது. இரண்டாம் முனையம் விரிகுடாவைப் பார்க்கிறது. அங்கே பிற்பகலில் நிற்பது நல்லது. ஒன்றரை மணித்தியால உள்ளூர்ப் பயணத்துக்குக்கூட ஏ350, 787 போன்ற அகன்ற உடல் விமானங்களைப் பறக்கவிடும் நாடு அது என்பதால் சலிப்புக்கு இடமில்லை. 2024 ஜனவரி 2 ஆம் திகதி கரையோரக் காவற்படை விமானத்துடன் மோதி எரிந்த ஏ350 இலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறியது, காவற்படை விமானத்தில் ஐவர் இறந்தது, எல்லாம் இரண்டாம் முனையத்தின் எதிரேயுள்ள ஓடுபாதையில்தான். அந்த இடத்தை மருமகன் எனக்குக் காட்டினான். சிறிது நேரம் படம் எடுக்கவில்லை.

விமானத்தில் ஈடுபாடு இல்லாதவருக்கு இப்பயணம் தண்டனையா என்று கேட்பவர்களுக்கு என் மனைவியின் அனுபவத்தைச் சொல்கிறேன். நரிட்டா நகரிலுள்ள நரிட்டாசான் ஷின்ஷோஜி 940 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கோயில். அங்கு நாள்தோறும் பலமுறை ‘கோமா’ நடைபெறுகிறது. பெயரிலிருந்தே தெரிகிறதல்லவா, நம் ஹோமந்தான். பெருமுரசு அதிர, அக்கினி வளர்த்து, முடிவில் பக்தர்களின் கைப்பைகளை வாங்கி நெருப்பின் மேல் காட்டித் திருப்பித் தருகிறார்கள். கடவுச்சீட்டு உள்ளே இருக்கும் பையைக் கொடுப்பதா என்று நான் யோசிப்பதற்குள் மனைவி நீட்டிவிட்டார். அசகுசாவில் பெருங்கூட்டம் செல்லும் சென்சோஜிக்குச் சிறிது தள்ளி, மட்சுசியாமா ஷோடென் என்ற சிறிய கோயிலில் இருப்பவர் நம் விநாயகரேதான். ஜப்பானியர் அவரைக் கங்கிடென் என்கிறார்கள். திருவுருவத்தை எவருக்கும் காட்டுவதில்லை. மோதகத்துக்குப் பதிலாக முழு முள்ளங்கி படைக்கிறார்கள். மனைவி வாசலில் முள்ளங்கி வாங்கி வைத்துவிட்டு, “இவருக்கு ஊர் மாறினாலும் வயிறு மாறயில்ல” என்றார். இரண்டு கோயில்களுமே முகவரின் நிகழ்ச்சித்திட்டத்தில் இல்லை. பதிலாகக் கட்டணம் கொடுத்து ஏறும் கோபுரம் ஒன்று இருந்தது. ஷின்ஜுகுவில் டோக்கியோ பெருநகர அரசாங்கக் கட்டடத்தின் 45 ஆவது மாடி, 202 மீற்றர் உயரத்திலுள்ள பார்வைக்கூடம், முற்றிலும் இலவசம். 2020 மார்ச் முதல் தென்காற்று வீசும் நாட்களின் பிற்பகலில் ஹனேடாவில் இறங்கும் விமானங்கள் நகரத்தின் மேலாகவே வருவதால், கோடையில் போகிறவர்கள் நகரத்தையும் விமானத்தையும் ஒரே யன்னலில் பார்க்கலாம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. காற்றின் விடயம் மேலே சொன்னேன்.

ஊர் திரும்பிய பின் இவற்றை எழுதிக்கொண்டுபோய் முகவர் நிலையத்தில் கொடுத்தேன். விசா வேலை பார்த்த தங்கச்சி முழுவதையும் வாசித்துவிட்டு, காற்றைப் பற்றிய பகுதியை மட்டும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். வாகனச் சுற்றுலாவுக்கான பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தருவீர்களா என்று உரிமையாளரிடம் கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் கழித்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த பயணம் எப்போது என்பது மருமகனின் உயர்தரப் பெறுபேற்றைப் பொறுத்தது.

அவனுக்கு ஒரேயொரு மனக்குறை. ஹொனலூலுவுக்குப் பறப்பதற்காக ஜப்பானின் ஏஎன்ஏ விமான நிறுவனம் கடலாமை ஓவியம் தீட்டிய மூன்று ஏ380 விமானங்களை நரிட்டாவில் வைத்திருக்கிறது. ஒன்று நீலம், ஒன்று பச்சை, மற்றையது செம்மஞ்சள். நீலம் எங்கள் தலைக்கு மேலாகவே இறங்கியது, பச்சை தரிப்பிடத்தில் நின்றது. செம்மஞ்சள் ஆமையை மட்டும் காணவில்லை. அதற்கு முகவரைக் குறைசொல்ல முடியாது.