சுவரொட்டி கூடியது, திரை வெளிச்சம் கூடவில்லை: இராமநாதபுரத்துத் திரையரங்கு ஒன்று

இராமநாதபுரம் நகரில் இரண்டு திரைகளுடன் இயங்கும் ஒரு திரையரங்குக்கு, மண்டபம் என்ற கடலோர மீனவர் ஊரிலிருந்து பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு சென்றுவருகிறேன். படங்களை வாங்கி வெளியிடும் ஒரு நிறுவனமே அதை நடத்துகிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடி நவம்பர் 10 முதல் தமிழகத் திரையரங்குகள் திறந்தபோது இங்கே மெல்லத் திரும்பிய கூட்டம், இப்போது மறுபடியும் கரைந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட இந்தக் கோடையில் நிறுவனம் விளம்பரத்தைக் கூட்டியது. உச்சிப்புளி முதல் பாம்பன் வரை சுவரெல்லாம் சுவரொட்டி, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, உள்ளூர் கேபிளில் ஓடும் வரிகள். அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் இரண்டு மாதங்களில் மூன்று முறை சென்றேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கைகளைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, பெண்கள் பக்கமும் அப்படியே என்று மனைவி சொன்னார். சீட்டு கொடுப்பவர் முதல் வண்டி நிறுத்துமிடத்துப் பெரியவர் வரை யாரும் முகம் சுளித்துப் பேசுவதில்லை.

குறை முதல் திரையில்தான். கடலோரத்தில் இரவு நேரத்தில் நடக்கும் ஒரு முக்கியமான காட்சியில், யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. வெளியேறும் வழியைக் காட்டும் சிவப்புப் பலகையின் ஒளி திரையின் இடது மூலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த மூலைதான் படத்தைவிடப் பிரகாசமாக இருந்தது. டிஜிட்டல் திரையிடலில் முப்பரிமாணம் அல்லாத படங்களுக்கு, திரையில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது தர அளவு. படத்தைத் திரையில் விழவைக்கும் கருவியிலுள்ள செனான் விளக்கு ஓட ஓட ஒளி குறையும்; உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் படம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலுள்ள நடு ஒலிபெருக்கியிலிருந்து வர வேண்டும். இங்கே அது பலவீனமாக இருப்பதால் பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிடுகிறது. பக்கத்தில் இருந்த என் மாமியார் இடைவேளை வரை, "என்ன சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் கருவிகள் சீக்கிரம் கெடும் என்பதை அறிவேன். அதனாலேயே இங்கே பராமரிப்புக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகச் செலவிட்டாக வேண்டும்.

விளம்பரம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. படம் வந்திருக்கிறது என்பதையே அறியாதவரை அது அழைத்துவருகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டத்தைக் கூட்டுகிறது. திங்கட்கிழமைக் காட்சிக்கு ஆள் வருவது, ஞாயிறு பார்த்துவிட்டுப் போனவர் டீக்கடையில் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. மங்கலான திரைக்கு நூறு பேரைக் கூடுதலாக வரவழைத்தால், அது சரியில்லை என்று ஊரில் சொல்ல நூறு வாய்கள் கூடும். பல தமிழ்ப் படங்கள் சில வாரங்களிலேயே ஓடிடிக்கு வந்துவிடும் காலத்தில், "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு அதிக நேரம் ஆவதில்லை.

விளம்பரம் செய்த காலமும் எனக்கு உறுத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள் அரசின் நிவாரணத்தையும் கடனையும் வைத்துக் காலம் தள்ளும் அந்த மே மாதத்தில்தான் ஆட்டோ எங்கள் தெருவில் சுற்றிச்சுற்றி வந்தது. தடை முடிந்த பிறகும் அது சனிக்கிழமை மாலையில்தான் வருகிறது. எங்கள் பக்கத்து விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குச் சென்று மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. சனிக்கிழமை மாலை ஒலிபெருக்கி யாரை அழைக்கிறதோ அவர்கள் நடுக்கடலில் இருக்கிறார்கள். கையில் காசும் ஓய்வும் இருக்கும் செவ்வாய், வியாழன் மாலைகளில் திரையரங்கு கட்டணத்தைக் குறைத்தாலே எங்கள் ஆட்கள் வருவார்கள்.

வார நாள் வெறிச்சோடுவது பெரிய நிறுவனங்களுக்கும் உள்ள சிக்கல்தான். பிவிஆர் ஐநாக்ஸ் 2023 அக்டோபரில், திங்கள் முதல் வியாழன் வரை 10 படங்கள் பார்க்க மாதம் 699 ரூபாய் என்று ஒரு சந்தாவைக் கொண்டுவந்தது. வார நாள் இருக்கை காலியாகக் கிடப்பதற்குக் கட்டணத்தின் வழியாக விடை தேடிய முயற்சி அது. இங்கே நான் கொடுத்தது 120 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையுள்ள சீட்டுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். அதற்கு மேல் 18. வார நாளில் 100 ரூபாய்க்குள் வைத்தால் வரியும் இறங்கும்.

மூன்றாம் முறை போனபோது மேலாளரிடம் விளக்கைப் பற்றிக் கேட்டேன். "மாத்தணும்னு எழுதிக் கொடுத்திருக்கோம் சார், இந்த சீசன்ல பட்ஜெட் எல்லாம் பப்ளிசிட்டிக்குப் போயிருச்சு" என்றார். அவர் மறைக்காமல் சொன்னதை மதிக்கிறேன்.

விளக்கு மாறும்வரை போகிறவர்கள் இரண்டாவது திரையில் ஓடும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒளியும் ஒலியும் குறைசொல்ல முடியாதபடி இருக்கின்றன. முதல் திரைதான் என்றால் நடு வரிசைகளில், சிவப்புப் பலகையிலிருந்து விலகி வலப்பக்கமாக அமருங்கள். இரவுக் காட்சி முடிந்து வெளியே வரும்போது கடலோர ஊர்களுக்குள் செல்லும் உள்ளூர்ப் பேருந்து கிடைக்காது, சொந்த வண்டியில் செல்லுங்கள்.